அகப்பையில் வருவதுதான் சட்டியா?

எப்படி இயங்குகிறது? அமெரிக்க நகரங்களின் குற்றச் செய்தியும் அதில் கலக்கும் நிறமும்

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். எந்த அடுப்படியிலும் செல்லுபடியாகிற விதிதான், ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பருக்கையை எங்கிருந்து எடுக்கிறோம் என்று பார்க்க வேண்டும். கரண்டியை உள்ளே விட்டுக் கிளறி நடுவிலிருந்து எடுத்தால் பதம் தெரியும். அடிப்பிடித்த இடத்தை மட்டும் சுரண்டி எடுத்து நீட்டினால், பானை முழுக்கக் கருகிவிட்டது என்றுதான் யாரும் சொல்வார்கள். நீட்டியவர் பொய் சொல்லவில்லை, அந்தப் பருக்கை கருகியிருப்பது உண்மை. சமைத்தவளின் பேர்தான் கெட்டது.

அமெரிக்க நகரங்களில் குற்றச் செய்தி கறுப்பின மக்களுக்குச் செய்துவந்தது ஏறக்குறைய இதுதான். இனவெறி பிடித்த ஓர் ஆசிரியர் அறைக்குள் உட்கார்ந்து பொய் எழுதுகிறார் என்று கற்பனை செய்துகொண்டால் இந்த விவகாரம் பிடிபடாது. அப்படிப்பட்டவர்களும் இருந்தார்கள். ஆனால் பெரும்பாலான நாட்களில் நடப்பது வெறும் பழக்கம். வாடிக்கைக் கடையில் சரக்கு, கை பழகிய அளவு, யோசிக்காமல் போடுகிற தாளிப்பு. மாஸ்டர் மாறினாலும் சாம்பார் ருசி மாறாத ஓட்டல்கள் இருக்கின்றன அல்லவா, அந்த மாதிரி. சரக்கு வாசலில் இறங்குவதிலிருந்து பார்த்துக்கொண்டு வருவோம்.

வாடிக்கைக் கடை

நாலு பேருக்குச் சமைக்கிற வீட்டில்கூட மளிகைக்கென்று ஒரு கடை இருக்கும். ஆள் பழக்கம், கணக்கு உண்டு, போன் செய்தால் பையனிடம் கொடுத்தனுப்புவார். நகரத்துக் குற்றச் செய்தியாளருக்கு அந்தக் கடை போலீஸ். போலீஸ் வயர்லெஸ் பேச்சைக் கேட்கும் ஸ்கேனர் ஒன்று அமெரிக்கச் செய்தி அலுவலகங்களில் பல பத்தாண்டுகளாக மேஜைமேல் கரகரத்துக்கொண்டே இருந்தது. அதில் சத்தம் வந்தால் வண்டி கிளம்பும். பின்னாலேயே பிரஸ் நோட் வரும். என்ன நடந்தது, யாரைச் சந்தேகிக்கிறார்கள், யாரைத் தேடுகிறார்கள், எல்லாம் அதில் இருக்கும். பிடிபட்ட பையனின் அம்மா அந்த நேரத்தில் எந்த நம்பரிலும் கிடைக்கமாட்டாள். அவள் கிடைக்கும்போது செய்தி ஆறிப்போயிருக்கும்.

இந்தக் கத்தரிக்காயில் புழு இருக்கிறது என்று சொல்லித் தருகிற கடைக்காரர் உண்டா? 2020 மே 25 இரவு மின்னியாபொலிஸ் நகரப் போலீஸ் ஒரு குறிப்பு வெளியிட்டது. போலீஸ் நடவடிக்கையின்போது உடல்நலக் கோளாறு ஏற்பட்டு ஓர் ஆண் இறந்தார் என்பது அதன் தலைப்பு. மோசடிப் புகாரில் சந்தேகப்பட்ட நபர், போதையில் இருந்ததுபோலத் தெரிந்தது, அதிகாரிகளை எதிர்த்தார், விலங்கு பூட்டினார்கள், உடல்நிலை மோசமானது, ஆம்புலன்ஸ் வரவழைத்தார்கள். கழுத்தில் முழங்கால் இருந்தது பற்றி ஒரு வார்த்தை இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்றால் இதுதான். அங்கே நின்றிருந்த டார்னெல்லா ஃபிரேசியர் என்ற 17 வயதுப் பெண்ணின் கையில் செல்போன் இருந்தது. அதனால்தான் இறந்த ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தை டெரெக் ஷாவின் என்ற போலீஸ் அதிகாரி ஒன்பது நிமிடத்துக்கும் மேலாக முழங்காலால் அழுத்திக்கொண்டிருந்தது உலகத்துக்குத் தெரிந்தது. அடுத்த ஆண்டு புலிட்சர் குழு அந்தப் பெண்ணுக்குச் சிறப்பு விருது கொடுத்தது. செல்போன் இல்லாத இரவுகளில் வந்த பிரஸ் நோட்டுகள் எத்தனை, அவை அப்படியே அச்சான நாட்கள் எத்தனை என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

திடீர் விருந்தாளிக்கு உப்புமா

குற்றம் ஏன் இத்தனை இடத்தை அடைத்துக்கொள்கிறது? மக்கள் விரும்பிப் பார்க்கிறார்கள் என்பது வழக்கமான பதில். பாதி உண்மை. மீதியை உப்புமாவிடம் கேட்க வேண்டும். ரவை எப்போதும் வீட்டில் இருக்கும், கால் மணி நேரம் போதும், யார் கிண்டினாலும் வந்துவிடும். நகராட்சிப் பள்ளிகளின் வரவுசெலவில் ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு நிருபரை ஒரு மாதம் சும்மா விடவேண்டும். துப்பாக்கிச்சூட்டுக்கு ஒரு வேனும் கேமராவும் போதும். மஞ்சள் நாடா, சுழல்விளக்கு, பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர். இரவு 11 மணிச் செய்திக்குச் சூடாகத் தயார்.

இந்தச் சமையல்முறைக்குப் பிறந்த ஊர் என்று ஒன்றைச் சொல்லலாம் என்றால் அது பிலடெல்ஃபியா. 1965-ல் அங்கே ஆல் பிரிமோ என்பவர் 'ஐவிட்னஸ் நியூஸ்' என்ற பாணியைக் கொண்டுவந்தார். நிருபர் சம்பவ இடத்தில் நின்று பேசுவது, செய்தி வாசிப்பவர்கள் குடும்பத்தைப் போலச் சிரித்துப் பேசிக்கொள்வது எல்லாம் அதோடு வந்தவை. 1970-ல் அதே ஊர்ப் போட்டிச் சேனல் 'ஆக்‌ஷன் நியூஸ்' என்று இன்னும் வேகமான ஒன்றை இறக்கியது. செய்திகள் குட்டையாகின, எண்ணிக்கை கூடியது. இரண்டும் நாடு முழுக்கப் பரவின.

அது எந்தக் காலம் என்பதைக் கவனிக்க வேண்டும். வெள்ளைக் குடும்பங்கள் நகரத்தை விட்டுப் புறநகர்களுக்குப் போய்க்கொண்டிருந்தன. விளம்பரதாரருக்கு வேண்டிய பணப்பை அங்கே இருந்தது. கேமரா வேன் போனதோ நகரத்துக்குள். ஆக, சாப்பிடுகிறவர் ஓரிடம், காய் பறிக்கிற தோட்டம் வேறிடம். புறநகரில் வளர்ந்த ஒரு பிள்ளைக்கு, கறுப்பின மக்கள் வாழும் தெருவைப் பார்க்க வாய்த்த ஒரே ஜன்னல் இரவுச் செய்திதான். அந்தத் தெருவின் ஞாயிற்றுக்கிழமைத் தேவாலயம், தவணை கட்டி வீட்டைத் தக்கவைத்துக்கொண்ட தபால்காரர், பள்ளி வாத்தியக் குழு எல்லாம் அந்த ஜன்னலில் வருவதில்லை. எப்போது போனாலும் உப்புமா வைக்கிற வீட்டைப் பற்றி நாம் என்ன நினைப்போம்?

முறத்தில் புடைப்பது

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பார்கள். செய்தி அடுப்படியில் இந்தப் பழமொழி தலைகீழ். அகப்பையில் வந்ததை வைத்துத்தான் சட்டியில் என்ன இருக்கிறது என்று ஊர் நம்புகிறது. அகப்பை எதை அள்ளுகிறது என்பதில்தான் இந்தக் கட்டுரையின் பாதிக் கதை இருக்கிறது.

1989 ஏப்ரல் 19 இரவு, நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் ஓடிக்கொண்டிருந்த 28 வயதுப் பெண் ஒருவரை அடித்து, வன்புணர்ந்து, சாகும் நிலையில் போட்டுவிட்டுப் போனார்கள். அவர் வெள்ளையர், முதலீட்டு வங்கியில் வேலை. அதே ஆண்டு அந்த நகரத்தில் பதிவான வன்புணர்வுகள் 3,254. இந்த எண்ணை எடுத்துச் சொன்னவர் எழுத்தாளர் ஜோன் டிடியன். 1991-ல் எழுதிய நீண்ட கட்டுரையில், மீதி 3,253 ஏன் கதையாகவில்லை என்ற கேள்வியை அவர் விடாமல் துரத்தினார். சென்ட்ரல் பார்க் சம்பவம் நடந்து இரண்டு வாரம் ஆவதற்குள் புரூக்ளினில் ஒரு கறுப்பினப் பெண்ணை வன்புணர்ந்து, நாலு மாடிக் கட்டடத்தின் கூரையிலிருந்து தள்ளிவிட்டார்கள். பிழைத்தார். அவருக்கு முதல் பக்கமும் இல்லை, மெழுகுவத்திக் கூட்டமும் இல்லை.

லாஸ் ஏஞ்சலிஸில் ஜில் லியோவி என்ற நிருபர் 2007-ல் ஒரு காரியம் செய்தார். அந்த மாவட்டத்தில் நடக்கிற ஒவ்வொரு கொலையையும், ஒன்றுகூட விடாமல், இணையத்தில் பதிவுசெய்யத் தொடங்கினார். அதுவரை அவருடைய பத்திரிகையின் அச்சுப் பக்கங்களில் வந்தவை பத்தில் ஒன்று அளவுக்குத்தான். மீதி ஒன்பதில் பெரும்பாலானவர்கள் கறுப்பின, லத்தீன் அமெரிக்க வம்சாவளி இளைஞர்கள். கெட்ட எண்ணம் இல்லாத ஒரு செய்தி ஆசிரியரிடம் கேட்டால், 'அந்தப் பகுதியில் அது தினமும் நடப்பது, அதில் செய்தி எங்கே' என்பார். அந்தப் பதிலைக் கொஞ்சம் உருட்டிப் பாருங்கள். அங்கே சாவது இயல்பு, இங்கே செத்தால்தான் செய்தி என்று அதற்கு அர்த்தம்.

அரிவாள்மணை

நறுக்குகிற கோணத்தில் ஒரே காய் பொரியலுக்கும் ஆகும், கூட்டுக்கும் ஆகும். 2005 ஆகஸ்ட் கடைசியில் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்தபோது இரண்டு ஏஜென்சிப் படங்கள் ஒரே நாளில் வந்தன. இரண்டிலும் மார்பளவு தண்ணீர், கையில் மளிகைச் சாமான். ஒன்றில் இருந்தவர் கறுப்பின இளைஞர், மளிகைக் கடையைக் கொள்ளையடித்துவிட்டு வருவதாகக் குறிப்பு. மற்றதில் இருந்த இருவர் வெள்ளைத் தோலுடையவர்கள், ரொட்டியும் சோடாவும் கண்டெடுத்துக்கொண்டு வருவதாகக் குறிப்பு. இரண்டு ஏஜென்சிகளும் விளக்கம் கொடுத்தன. இளைஞர் கடைக்குள் போனதைப் பார்த்தேன் என்று ஒரு படக்காரர். கடையிலிருந்து சாமான்கள் வெளியே மிதந்து வந்தன என்று இன்னொருவர். இருவரும் உண்மை பேசியிருக்கலாம், நான் நம்பத் தயார். பிரச்சினை அந்த இருவரிடம் இல்லை. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தபோது வாசகர்களுக்குச் சுருக்கென்றது, அதற்குக் காரணம் இப்படி நறுக்கிய காய் அவர்களுக்கு முன்பே பழக்கம்.

அதே வாரம் சூப்பர்டோம் அரங்கில் தஞ்சம் புகுந்தவர்களைப் பற்றி வந்த செய்திகளில் கும்பல் கொலைகள், குழந்தைகள்மீது வன்புணர்வு எல்லாம் இருந்தன. தஞ்சம் புகுந்தவர்களில் பெரும்பாலானோர் கறுப்பினத்தவர். தண்ணீர் வடிந்த பிறகு உள்ளூர்ப் பத்திரிகையான டைம்ஸ்-பிக்கயூன் எண்ணிப் பார்த்தது. உள்ளே இறந்தவர்கள் ஆறு பேர். நாலு பேர் இயற்கையாக, ஒருவர் போதைமருந்து மிகையால், ஒருவர் தற்கொலை.

போலீஸ் சுட்டால் மட்டும் அரிவாள்மணை வேறு பக்கம் திரும்பிவிடும். அதிகாரி சுட்டார் என்று எழுத மூன்று அங்குல இடம் போதும். அதற்குப் பதிலாக 'அதிகாரி தொடர்புடைய துப்பாக்கிச்சூடு' என்று ஆங்கிலத்தில் ஒரு தொடர் புழங்குகிறது. சுட்டது யார், குண்டு வாங்கியது யார் என்பதை இரண்டு முறை படித்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

கேசரிப் பவுடர்

ருசியோடு சம்பந்தமே இல்லாமல் கண்ணுக்காக மட்டும் போடுவது அது. 1994 ஜூன் 27 தேதியிட்ட இரண்டு வார இதழ்கள், டைமும் நியூஸ்வீக்கும், கொலை வழக்கில் கைதான கறுப்பின விளையாட்டு வீரர் ஓ.ஜே. சிம்சனின் ஒரே போலீஸ் புகைப்படத்தை அட்டையில் போட்டன. கடையில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கியபோது வித்தியாசம் பளிச்சென்றது. டைம் அட்டையில் முகம் நன்றாகவே கறுத்திருந்தது. ஓவியர் அதைக் கலைப்படைப்பாக்க முயன்றார், இன நோக்கம் எதுவும் இல்லை என்று இதழின் ஆசிரியர் பிறகு விளக்கினார். நோக்கம் இருந்ததோ இல்லையோ, குற்றத்தைக் கனமாகக் காட்ட வேண்டுமென்றதும் ஒரு கை தானாகக் கறுப்பைத் தேடியது.

புகைப்படம் கொஞ்சம்தான். நடக்கவிட்டுக் காட்டுவது அதைவிடப் பெரிய பரிமாறல். நியூயார்க்கில் பிடிபட்டவரைக் கேமராக்களுக்கு நடுவே விலங்கோடு நடத்திக்கொண்டு போகும் சடங்கு ஒன்று உண்டு. 1995-ல் ஒருவரை ஸ்டேஷனிலிருந்து வெளியே அழைத்து வந்து, காரில் ஏற்றி, ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி அதே ஸ்டேஷனுக்குள் கொண்டுபோனார்கள். டி.வி.க்குப் படம் வேண்டுமே! 2000-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இப்படி நாடகம் போடுவது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்றது. சிகாகோ உள்ளூர்ச் செய்திகளை ஆராய்ந்த ராபர்ட் என்ட்மன், கறுப்பினக் குற்றவாளிகளும் சந்தேக நபர்களும் போலீஸின் பிடியில் இழுபடுகிற கோலத்தில் அதிகம் காட்டப்படுவதையும், அவர்களுக்குப் பெயர் சொல்லாமலே விடுவது அதிகம் என்பதையும் கண்டார். பெயர் இல்லாவிட்டால் ஆள் இல்லை, வகைதான்.

தாளிப்பு

கடுகு வெடிக்கிற சத்தத்திலும் பெருங்காய வாசனையிலும் தெருமுனைவரை பசி கிளம்பும். உள்ளே பருப்பு வெந்ததா என்று அப்போது யாரும் பார்ப்பதில்லை.

சென்ட்ரல் பார்க்கில் பிடித்த பையன்கள் ஐந்து பேர், 14 முதல் 16 வயது. நால்வர் கறுப்பினத்தவர், ஒருவர் லத்தீன் அமெரிக்க வம்சாவளி. 'வைல்டிங்' என்ற ஒரு சொல் பத்திரிகைகளில் வெடித்தது. கும்பலாக வெறியாட்டம் போடுவதற்குப் பையன்களே வைத்த பெயர் என்று போலீஸ் சொல்லி வந்தது அது. ஓநாய்க் கூட்டம் என்ற உவமையும் சேர்ந்துகொண்டது. சிறுவர்கள் என்றும் பாராமல் பெயர்களும் முகவரிகளும் அச்சாயின. மே 1-ஆம் தேதி டொனால்ட் டிரம்ப் நாலு நாளேடுகளில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்து மரண தண்டனையைத் திரும்பக் கொண்டுவரக் கேட்டார். விசாரணையே தொடங்காத நேரம். பெண்ணின் உடலில் கிடைத்த விந்தின் டிஎன்ஏ ஐவரில் எவருடனும் பொருந்தவில்லை என்பது வழக்கு நீதிமன்றத்துக்கு வருமுன்பே தெரிந்த சங்கதி. வாக்குமூலங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. பருப்பு வேகவில்லை என்று சொல்ல இவை போதும். தாளிப்பு வாசனையில் யாருக்கும் உறைக்கவில்லை. 1990-ல் ஐவரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு. 2002-ல் மத்தியாஸ் ரேயஸ் என்ற சிறைக்கைதி தான் ஒருவனே செய்தது என்று ஒப்புக்கொண்டான், டிஎன்ஏ பொருந்தியது, அந்த டிசம்பரில் தீர்ப்புகள் ரத்தாயின. 2014-ல் நகரம் 4.1 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்தது.

ஒரு தாளிப்பு முடிந்ததும் அடுத்தது. 1995 நவம்பரில் பிரின்ஸ்டன் பேராசிரியர் ஜான் டிலூலியோ ஓர் இதழில் 'சூப்பர் பிரிடேட்டர்' என்ற சொல்லைக் கொண்டுவந்தார். மனசாட்சியே இல்லாத, வேட்டை விலங்கைவிடக் கொடிய பதின்வயதுப் பையன்கள் அலை அலையாக வரப்போகிறார்கள் என்றார். நகரத்துக் கறுப்பினப் பகுதிகளைத்தான் குறிப்பாகச் சுட்டினார். 2000 வரையிலான ஐந்தாண்டுகளில் 40 முன்னணிப் பத்திரிகைகளில் அந்தச் சொல் ஏறத்தாழ 300 முறை வந்ததாக 'மார்ஷல் புராஜெக்ட்' என்ற செய்தி அமைப்பு பிற்பாடு எண்ணிச் சொன்னது. பெரும்பாலும் கேள்வி எதுவும் இல்லாமல். அந்த ஆண்டுகளில் ஏறத்தாழ எல்லா மாநிலங்களும் சிறுவர்களைப் பெரியவர்களைப்போல விசாரிக்கும் சட்டங்களை இறுக்கின. வருவதாகச் சொன்ன அலை வரவேயில்லை. கட்டுரை வெளியான நேரத்திலேயே சிறார் வன்முறை இறங்குமுகத்தில் இருந்தது. 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் தாக்கலான ஒரு மனுவில், அந்தக் கணிப்பு தவறு என்று ஒப்புக்கொண்டவர்களில் டிலூலியோவும் கையெழுத்துப் போட்டார். அதற்குள் உள்ளே போன பையன்கள் வளர்ந்த ஆண்களாகியிருந்தார்கள்.

பழைய மாவு

மாவு சீக்கிரம் புளிக்க வேண்டுமென்றால் நேற்றைய மாவில் ஒரு கரண்டி சேர்ப்போம். மீதி வேலையை அது பார்த்துக்கொள்ளும். செய்தியில் அந்தப் பழைய மாவு பார்ப்பவர் தலைக்குள் இருக்கிறது.

ஃபிராங்க்ளின் கில்லியம், சாந்தோ ஐயங்கார் என்ற இரு ஆய்வாளர்கள் லாஸ் ஏஞ்சலிஸில் இதைச் சோதித்து 2000-ல் வெளியிட்டார்கள். சாதாரண உள்ளூர்ச் செய்தித் தொகுப்பு ஒன்று. நடுவில் ஒரு குற்றச் செய்தி, அதில் சந்தேக நபரின் படம் ஐந்து நொடி. ஒரே முகம்தான், தோல் நிறத்தை மட்டும் கணினியில் மாற்றிச் சிலருக்கு வெள்ளையராக, சிலருக்குக் கறுப்பினத்தவராகக் காட்டினார்கள். இன்னும் சிலருக்குச் சந்தேக நபரே இல்லாத செய்தி. விசேஷம் இந்தக் கடைசிக் கூட்டத்தில்தான். அவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் ஒருவரைத் திரையில் பார்த்ததாக நினைவுகூர்ந்தார்கள். அப்படிச் சொன்னவர்களில் 70 சதவீதம் பேர் அவர் கறுப்பினத்தவர் என்றார்கள். இலையில் வைக்காத பதார்த்தத்துக்கு உப்பு கூட என்று சொன்ன மாதிரி.

சமையல்கட்டின் இந்தப் பழக்கம் தெரிந்தவன் அதை வேறுவிதமாகவும் பயன்படுத்தலாம். 1989 அக்டோபர் 23 இரவு பாஸ்டனில் சார்லஸ் ஸ்டூவர்ட் என்ற வெள்ளையர் கார் போனிலிருந்து போலீஸை அழைத்தார். கர்ப்பிணி மனைவியையும் தன்னையும் ஒரு கறுப்பின ஆள் சுட்டுவிட்டதாகச் சொன்னார். மனைவி அன்றிரவே இறந்தார், குழந்தை சில நாட்களில். நகரமே அழுதது. கறுப்பின மக்கள் வாழும் மிஷன் ஹில் பகுதியில் போலீஸ் புகுந்து இளைஞர்களை நடுத்தெருவில் நிறுத்திச் சோதனையிட்டது. இரண்டு ஆண்களைச் சந்தேக நபர்களாக்கி நாளேடுகள் அலசின. ஜனவரி முதல் வாரம் ஸ்டூவர்ட்டின் தம்பியே போலீஸிடம் போய் உண்மையை உடைத்தார். ஜனவரி 4-ஆம் தேதி ஸ்டூவர்ட் பாலத்திலிருந்து குதித்து இறந்தார். சுட்டது அவரேதான். அவர் சொன்ன பொய் கெட்டிக்காரத்தனமானதல்ல, எவரும் கண்டுபிடித்திருக்கலாம். அந்த அடுப்படியில் எப்போதும் தயாராக இருக்கும் பதார்த்தம் எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது, அதைக் கேட்டார். உடனே பரிமாறினார்கள்.

தராசு

இங்கே ஒருவர் குறுக்கிடுவார், அவர் கேள்வி நியாயமானது. குற்றம் செய்தவரைத்தானே காட்டுகிறார்கள், கறுப்பினத்தவர் கைதாவது உண்மையிலேயே அதிகம் இல்லையா?

அதிகம்தான். அமெரிக்க மக்கள்தொகையில் அவர்கள் 13 சதவீதம் அளவு, கொலை வழக்கில் கைதாகிறவர்களில் ஏறத்தாழ பாதி. பல தலைமுறை ஒதுக்கலும் வறுமையும் ஓரிடத்தில் குவிந்ததன் விளைவு அது. ஆகவே மக்கள்தொகையோடு ஒப்பிடாமல் கைதுக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். டிராவிஸ் டிக்சனும் டேனியல் லின்ஸும் 2000-ல் வெளியிட்ட ஆய்வு, லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத் தொலைக்காட்சியில் குற்றவாளிகளாகக் காட்டப்பட்டவர்களில் 37 சதவீதம் கறுப்பினத்தவர் என்றது. கைதானவர்களில் அவர்கள் 21 சதவீதம். கைதுக் கணக்கே சரியான எடைக்கல்லா என்பது அடுத்த சந்தேகம். நியூயார்க் போலீஸ் 2011-ல் தெருவில் நிறுத்திச் சோதித்தது 6,85,724 முறை, பெரும்பாலும் கறுப்பின, லத்தீன் இளைஞர்களை. பத்தில் ஒன்பது முறைக்கு அருகில் எதுவும் சிக்கவில்லை. வலை எங்கே வீசப்படுகிறதோ அங்கேதான் மீன் கணக்கு ஏறும்.

ஆனால் என்னைப் பொறுத்தவரை தீர்ப்பு சொல்கிற எண் வேறு. கொலையாகிறவர்களிலும் ஏறத்தாழ பாதிப் பேர் கறுப்பினத்தவர். பத்தில் ஒன்பது கறுப்பினத்தவரைக் கொல்வது கறுப்பினத்தவர், பத்தில் எட்டு வெள்ளையரைக் கொல்வது வெள்ளையர். உள்ளதை உள்ளபடி காட்டுகிற அடுப்படியென்றால் குற்றவாளியைக் காட்டிய கையோடு பலியானவரையும் அதே அளவில் காட்டியிருக்க வேண்டும். அதே ஆய்வாளர்கள் அதையும் எண்ணினார்கள். தொலைக்காட்சி காட்டிய கொலையுண்டவர்களில் வெள்ளையர் 43 சதவீதம், குற்றப் பதிவேட்டில் 13 சதவீதம். குற்றம் சாட்டுகையில் தாராளம், இரக்கம் காட்டுகையில் கஞ்சத்தனம். 'நடப்பதைத்தான் காட்டுகிறோம்' என்ற வாதம் இந்த இடத்தில் கவிழ்ந்துவிடுகிறது.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். டிக்சன் 2017-ல் அதே ஊரை மறுபடி அளந்தபோது கறுப்பினக் குற்றவாளிகளின் பங்கு கைதுக் கணக்கோடு ஒத்துப்போயிருந்தது. ஆனால் பலியானவர்களாகவும் காவல் அதிகாரிகளாகவும் வெள்ளையர்களை மிகையாகக் காட்டுவது அப்படியே இருந்தது.

பாத்திரம் தேய்ப்பது

அடுப்படியில் யார் நிற்கிறார்கள் என்ற கேள்வி புதிதல்ல. 1967 கலவரங்களுக்குப் பிறகு அதிபர் ஜான்சன் அமைத்த கெர்னர் கமிஷன், மறு ஆண்டு அறிக்கையில் ஓர் அத்தியாயத்தையே பத்திரிகைகளுக்கு ஒதுக்கியது. வெள்ளையர் கண்ணால் மட்டுமே உலகம் பார்க்கப்படுகிறது, செய்திப் பணியில் கறுப்பினத்தவர் 5 சதவீதம்கூட இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னது. கேட்டுக்கொண்டார்கள். 1981-ல் லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ், உள்நகரத்துச் சூறையாடிகள் புறநகர்களைக் குறிவைப்பதாக முதல் பக்கத்தில் எழுதியது. அதற்கு அந்தப் பத்திரிகை தலையங்கத்தில் மன்னிப்புக் கேட்ட ஆண்டு 2020.

உருப்படியான மாற்றங்கள் பேச்சில் இல்லை, நடைமுறையில் இருக்கின்றன. போலீஸ் புகைப்படங்களை வரிசைகட்டிப் போட்டுப் பார்வையாளர்களைச் சேர்த்த பல பத்திரிகைகள் 2020-ல் அந்தக் கடையை மூடின. அந்த ஜூலையில் சான் பிரான்சிஸ்கோ போலீஸ், பொதுமக்களுக்கு ஆபத்து இருந்தாலொழிய கைதானவர் படத்தை வெளியிடமாட்டோம் என்றது. சின்னக் குற்றங்களில் சந்தேக நபரின் பெயரே போடுவதில்லை என்று 2021 ஜூனில் அசோசியேட்டட் பிரஸ் முடிவெடுத்தது. வழக்கு என்ன ஆயிற்று என்று நாங்கள் பின்தொடர்ந்து எழுதப்போவதில்லை என்னும்போது பெயரை மட்டும் காலத்துக்கும் ஏன் விட்டுவைக்க வேண்டும் என்பது அவர்கள் சொன்ன காரணம். பாஸ்டன் குளோப், பழைய செய்தியில் மாட்டிக்கொண்டவர்கள் மறுபரிசீலனைக்கு விண்ணப்பிக்க ஒரு வழி திறந்தது. சமையல்காரருக்கு உபதேசம் செய்வதைவிட உப்பு ஜாடியின் கரண்டியை மாற்றுவது பலன் தரும் என்று எவருக்கோ புரிந்திருக்கிறது.

மிஷன் ஹில்லில் தவறாகச் சந்தேகிக்கப்பட்ட இரண்டு பேரிடமும் அவர்கள் குடும்பங்களிடமும் பாஸ்டன் மேயர் மிஷெல் வூ நகரத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்டது 2023 டிசம்பரில். 34 ஆண்டுகள் ஆகியிருந்தன.

சென்ட்ரல் பார்க் வழக்கில் பிடித்தபோது 15 வயதாக இருந்த யூசெஃப் சலாம், 2023 நவம்பரில் ஹார்லெம் பகுதியிலிருந்து நியூயார்க் நகர சபைக்குத் தேர்வானார். அடுத்த ஜனவரியில் சபை அவருக்கு ஒரு குழுவின் தலைமைப் பொறுப்பைக் கொடுத்தது. நியூயார்க் போலீஸைக் கண்காணிக்கும் குழு அது.